கப்பலுக்கு முன்னால் ஒரு குட்டி விமானம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஏழு இரவு கப்பல் பயணம். நீங்கள், உங்கள் கணவர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் உங்கள் அம்மா என மூன்று பேர். பெரிய விமானத்தில் ஒரு நகரம் வரை போய், அங்கிருந்து 70 இருக்கை உள்ள விசிறி வைத்த விமானத்தில் துறைமுக ஊருக்குப் போகிறீர்கள். அது காலை 11 மணிக்கு இறங்கும், அன்றே மாலை 5 மணிக்குக் கப்பல் கிளம்பும். சக்கரம் வைத்த கைப்பெட்டி தலைக்கு மேலே உள்ள தட்டில் நுழையுமா, பெரிய பெட்டிகள் நம்மோடு வந்து சேருமா, இவ்வளவு சிறிய விமானம் பாதுகாப்பானதா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

கைப்பெட்டி நுழையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகள் பெரும்பாலும் வந்துவிடும். விமானம் பாதுகாப்பானது. ஆனால் நீங்கள் கேட்காத நான்காவது விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது: கப்பல் கிளம்பும் அதே நாளில் போய் இறங்குவது. நான் 14 வருடம் விமான நிலையத்தில் தரைப் பணியில் இருந்தவன். பெட்டி ஏற்றுவது, டேக் போடுவது, வராத பெட்டியைத் தேடுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் விமானத்தைப் பார்ப்போம்.

டிக்கெட்டில் விமானத்தின் வகை போட்டிருக்கும். ஏடி7 அல்லது ஏடிஆர் 72 என்று இருந்தால் அது பிரான்சின் துலூஸ் நகரத்தில் தயாராகும் விசிறி விமானம். டிஹெச்4 என்றால் கனடாவின் டேஷ் 8. இரண்டிலும் பக்கத்துக்கு இரண்டிரண்டு இருக்கை, நடுவே ஒருவர் நடக்கும் வழி. மேலே உள்ள தட்டு ஆழம் குறைவு. துணிப்பை, லேப்டாப் பை நுழையும். பெரிய விமானத்தில் சுலபமாக ஏறிவிடும் ட்ராலிப் பெட்டி இங்கே பாதி வெளியே நிற்கும். புதிதாக வந்த சில ஏடிஆர்களில் தட்டு கொஞ்சம் பெரியது, ஆனால் உங்களுக்கு எது வரும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். எம்ப்ரேயர் 175 என்ற ஜெட் விமானமாக இருந்தால் நிலைமை வேறு, ட்ராலி பெரும்பாலும் உள்ளேயே போய்விடும். 50 இருக்கை உள்ள சிஆர்ஜே 200, எம்ப்ரேயர் 145 இரண்டிலும் மறுபடி அதே பிரச்சினைதான்.

இதைவிடச் சிறியதும் உண்டு. சிறு தீவுகளுக்கும் ஒதுக்குப்புறமான துறைமுகங்களுக்கும் 19 பேர் போகும் ட்வின் ஆட்டர் மாதிரி விமானங்கள் பறக்கின்றன. அங்கே பெட்டியோடு சேர்த்து ஆளையும் எடை போடுவார்கள், யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். கெட்டியான பெட்டி அதன் சரக்கறைக்குள் மடங்காது, துணிப்பை வேண்டும். உங்களுடையது அந்த வகை இல்லை, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

சரி, ட்ராலி நுழையாது. அப்புறம் என்ன ஆகும்? விமானத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் டேக் கட்டோடு நிற்பார். உங்கள் பெட்டியை வாங்கி, டேக் கட்டி, பின்னால் நிற்கும் வண்டியில் வைப்பார். அது சரக்கறைக்குப் போகும். இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் கேட்டிலேயே கட்டிவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க மறந்துவிடாதீர்கள்: "இது எனக்கு எங்கே திரும்பக் கிடைக்கும்?" டேக் இரண்டு வகை. ஒன்று, இறங்கியவுடன் விமானத்தின் பக்கத்திலேயே திருப்பித் தருவது. நீங்கள் படியிறங்கி ஓரமாக நின்றால் பெட்டியைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். இன்னொன்று, மற்ற பெட்டிகளைப் போலக் கடைசி ஊர் வரைக்கும் போய் பெல்ட்டில் வருவது. பார்க்க இரண்டு டேக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். முதல் வகை என்று நினைத்துக்கொண்டு விமானத்தின் பக்கத்தில் 20 நிமிடம் காத்து நின்றவர்கள் உண்டு. அதைவிட மோசம், இரண்டாம் வகை என்று நினைத்து நேராக பெல்ட்டுக்குப் போய்விடுவது. பெட்டி விமானத்துக்குக் கீழே அனாதையாக நிற்கும்.

ஒரு பெரியவரை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. 70 வயதுக்கு மேல் இருக்கும். ட்ராலியைக் கொடுத்துவிட்டு இரண்டு படி ஏறியவர், நின்று, திரும்பி, இடது கையால் கம்பியைப் பிடித்தபடி வலது கையை வண்டியை நோக்கி நீட்டினார். வாயில் வார்த்தை வரவில்லை. அவருடைய இன்சுலின் அந்தப் பெட்டியில் இருந்தது. அவருக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், எஞ்சின் ஓடுகிற சத்தம், யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, தரையில் வைத்து ஜிப்பைத் திறந்தோம். மேலே சட்டைகள், அதற்குக் கீழே செருப்பு, அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவைக் கையில் வாங்கியதும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். அவர் அந்த இரண்டாவது படியில் நிற்காமல் போயிருந்தால் நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

உங்கள் அம்மாவுக்கு இது நடக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, பைக்குள் பை. ட்ராலிக்குள் தனியாக ஒரு துணிப்பையை, மேலாக, ஜிப்பைத் திறந்தவுடன் கைக்கு வரும்படி வையுங்கள். ட்ராலியை யாராவது கேட்டால் அந்தப் பையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். இதைவிட நல்லது, ட்ராலியையே விட்டுவிட்டு ஆளுக்கொரு முதுகுப்பையோடு போவது. முன் இருக்கைக்கு அடியில் நுழையும் அளவில் இருந்தால் அதை யாரும் கேட்க மாட்டார்கள். முதல் வரிசை இருக்கை மட்டும் வேண்டாம், முன்னால் இருக்கை இல்லாததால் பையை மேலே வைக்கச் சொல்வார்கள்.

அந்தப் பையில் என்ன இருக்க வேண்டும்? பாஸ்போர்ட், கப்பலுக்கான போர்டிங் தாள், பணம், போன், சாவி, கண்ணாடி. அம்மாவின் மருந்துகள் முழுப் பயணத்துக்கும், கூடவே இரண்டு மூன்று நாளுக்கு அதிகமாக. மருந்துச்சீட்டு, இன்சுலினும் ஊசியும் தேவை என்ற மருத்துவர் கடிதம். ஒரு மாற்று உடை, உள்ளாடை, நீச்சல் உடை. பவர் பேங்க். இவ்வளவுதான்.

பவர் பேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் சரக்கறையில் போகக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. தீப்பிடித்தால் கேபினில் அணைக்க முடியும், சரக்கறையில் கை எட்டாது. காலையில் கைப்பெட்டியாக இருந்தது படிக்கட்டுப் பக்கத்தில் சரக்குப் பெட்டியாக மாறும்போது இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெட்டியைக் கொடுக்கும் முன் பவர் பேங்க், கேமராவின் உதிரி பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் ஏறத்தாழ 74 வாட் மணி, பிரச்சினை இல்லை. பறக்கும்போது அதிலிருந்து சார்ஜ் போடக் கூடாது என்று 2025 முதல் பல விமான நிறுவனங்கள் சொல்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சரக்கறையில் குளிர் எவ்வளவு இறங்கும் என்று உத்தரவாதம் இல்லை. உறைந்து போன இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கப்பலில் ஏறியதும் அறையில் உள்ள சின்ன ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம். பல கப்பல்களில் அது பானங்களைக் குளிர வைக்க மட்டும் போதுமான பெட்டி. மருந்துக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றும், பயன்படுத்திய ஊசியைப் போட டப்பா வேண்டும் என்றும் இப்போதே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். கேட்டால் தருவார்கள்.

இனி பெரிய பெட்டிகள். குட்டி விமானத்தில் பெட்டி தவறிப்போவதற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. அப்படித் தவறும் பெட்டி தொலைந்து போவதில்லை, வேண்டுமென்றே இறக்கி வைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஏடிஆர் 72 ஆட்களையும் சரக்கையும் சேர்த்து அதிகபட்சம் ஏழரை டன் அளவுக்குத்தான் சுமக்கும். ஐரோப்பிய விதிகளில் பெரியவர் ஒருவருக்குக் கைச்சுமையோடு சேர்த்து 84 கிலோ என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 70 பேருக்கு 5,880 கிலோ. ஆளுக்கு 20 கிலோவில் ஒரு பெட்டி என்றால் இன்னொரு 1,400 கிலோ. மொத்தம் 7,280. விமானம் நிரம்பிவிட்டால் மிச்சம் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. இப்போது வெயில் கொளுத்துகிறது, காற்றின் அடர்த்தி குறைகிறது, ஓடுபாதையும் குட்டை. அல்லது போகும் ஊரில் மூடுபனி, வேறு ஊருக்குத் திரும்ப வேண்டி வரலாம் என்று எரிபொருள் கூடுதலாக ஏற்றுகிறார்கள். 300 கிலோ குறைக்க வேண்டும் என்று விமானியிடமிருந்து தகவல் வரும். 300 கிலோ என்றால் 15 பெட்டி. ஆட்களை இறக்குவதற்கு முன்னால் பெட்டிகளைத்தான் இறக்குவோம். எது கடைசியாக வந்து சேர்ந்ததோ, எது கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் முதலில் வெளியே வரும். கடைசியாக வருவது பெரும்பாலும் வேறு விமானத்திலிருந்து மாறி வரும் பெட்டி. அதாவது, உங்களைப் போன்றவர்களுடையது.

இறக்கியதை அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். ஒரு நாளைக்குப் பத்து விமானம் போகிற ஊர் என்றால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போகிற ஊர் என்றால் மாலை 6 மணிக்கு வரும். உங்கள் கப்பல் 5 மணிக்குப் போயிருக்கும்.

ஒரு நாள் முன்னதாகப் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எல்லோரும் நமக்கு நேரமாகிவிடக் கூடாது என்றுதான் யோசிக்கிறார்கள். பெட்டிக்கும் ஒரு இரவு வேண்டும். முந்தின நாள் 11 மணிக்கு நீங்கள் இறங்கி, பெட்டி மாலை 6 மணிக்கு வந்தால், தங்கும் இடத்துக்கே கொண்டுவந்து தந்துவிடுவார்கள். காலையில் ஒன்றும் நடக்காதது போல எடுத்துக்கொண்டு துறைமுகம் போகலாம். ஒரு இரவு தங்கும் செலவு, கப்பலைத் தவறவிட்டு அடுத்த துறைமுகத்துக்கு மூன்று பேரும் கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்துப் பறப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. 5 மணிக் கப்பல் என்றால் 5 மணி வரை ஏறலாம் என்பதும் இல்லை. கிளம்புவதற்கு 60 முதல் 90 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் மூடிவிடும். அப்படிப் பார்த்தால் உங்கள் கெடு மூன்றரை மணி. விமானம் மூடுபனியால் ரத்தாகி மாலை விமானத்தில் இடம் கொடுத்தால் கதை முடிந்தது.

உலக அளவில் பார்த்தால் பெட்டி தவறுவது அபூர்வம்தான். விமான நிலையங்களுக்கான தொழில்நுட்பம் தரும் சிட்டா நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் ஆயிரம் பயணிகளுக்கு 6.9 பெட்டிகள் தவறின. அவற்றில் பெரும்பாலானவை தாமதம் மட்டுமே, தொலைந்து போனவை கொஞ்சம். ஆனால் தாமதமானவற்றில் ஏறத்தாழ பாதி, விமானம் மாறும் இடத்தில் தவறியவை. விமானம் மாறுகிற இடத்தில் கவனமாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதற்கு முதல் வேலை, இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் மலிவாக வரும், உண்மைதான். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டியிருக்கும். எடை அளவிலும் சிக்கல் வரும். பெரிய விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி என்று இருக்கும், குட்டி விமானத்தில் 15 கிலோ என்று இருக்கும். ஒரே டிக்கெட் என்றால் பொதுவாக முழுப் பயணத்துக்கும் ஒரே அளவு, அது எவ்வளவு என்று டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். தனி டிக்கெட் என்றால் நடுவில் நின்று கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது, மாறுவதற்கு 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்று விற்பார்கள். விதிப்படி போதும் என்றுதான் விற்கிறார்கள், நீங்களும் ஓடிப் போய் ஏறிவிடலாம். பெட்டி ஓடாது. அது இறக்கி, வண்டியில் ஏறி, பிரித்து, வேறு வண்டியில் ஏறி, விமான நிலையத்தின் மறு கோடியில் நிற்கும் குட்டி விமானத்துக்குப் போக வேண்டும். என் கணக்கில் இரண்டரை மணி நேரம் நல்லது. அம்மாவுக்கும் அவசரப்படாமல் நடக்க நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, கவுண்டரில் பெட்டிக்கு டேக் கட்டியவுடன் அதிலுள்ள மூன்றெழுத்துக் குறியைப் படியுங்கள். கடைசி ஊரின் குறிதான் பெரிதாக இருக்க வேண்டும். தப்பு நடந்தால் அங்கேயே திருத்தலாம், பெல்ட்டில் உள்ளே போன பிறகு முடியாது. டேக்கில் 10 இலக்க எண் இருக்கும், அதுதான் பெட்டியின் அடையாளம். உங்களிடம் தரும் ஒட்டுத்தாளில் அதே எண் இருக்கும், போனில் படம் எடுத்துவிடுங்கள். பெட்டியை வெளியிலிருந்தும், திறந்து வைத்து உள்ளேயும் ஒரு படம். பழைய பயணத்தின் டேக்குகளை, சின்னப் பட்டைக்கோடு ஒட்டிகள் உட்பட, எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள். இயந்திரம் பழையதைப் படித்து வேறு வழியில் அனுப்பிய பெட்டிகளை நான் கையால் எடுத்துத் திருப்பியிருக்கிறேன். ஒரு விதிவிலக்கும் உண்டு. சில நாடுகளில், அமெரிக்கா உட்பட, வெளிநாட்டிலிருந்து முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி கொடுக்க வேண்டும். டேக் கடைசி ஊருக்கு இருந்தாலும் இதே கதைதான். கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

துணிகளைக் கலந்து அடுக்குங்கள். மூன்று பேர், மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் மூவருடைய உடையும் இரண்டு செட். ஒரு பெட்டி வராமல் போனாலும் யாரும் ஒரே சட்டையோடு ஒரு வாரம் இருக்க வேண்டியதில்லை. ஏர்டேக் மாதிரி கண்காணிப்புச் சாதனம் ஒன்றை உள்ளே போடுவதும் நல்லது. அதன் பேட்டரி சிறியது, சரக்கறையில் போகலாம். "பெட்டி இங்கே வரவில்லை" என்று ஊழியர் சொல்லும்போது "முந்தின விமான நிலையத்தில்தான் இருக்கிறது, இதோ பாருங்கள்" என்று போனைக் காட்ட முடிந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

கப்பல் நிறுவனமும் அறை எண் போட்ட டேக் அனுப்பும், வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதை விமானத்துக்கு முன்பே கட்டிவிடாதீர்கள், பெல்ட்டில் சிக்கிக் கிழிந்துவிடும். துறைமுக ஊரில் இறங்கிய பிறகு கட்டுங்கள். துறைமுக வாசலில் சுமை தூக்குபவர்களிடம் பெட்டியைக் கொடுத்தால் அது ஸ்கேன் ஆகி அறை வாசலுக்கு வரும். மதியமே வரலாம், இரவு உணவுக்குப் பிறகும் வரலாம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின்னழுத்தத் தடுப்பு வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தால் பாதுகாப்பு அறையில் நிறுத்திவிடுவார்கள், நீங்கள் போய்க் கேட்க வேண்டும். அதனால் அந்தத் துணிப்பை கப்பலின் முதல் நாளுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாம் செய்தும் பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். கப்பலுக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் பலர் செய்யும் தப்பு இது. பெல்ட் பக்கத்தில் உள்ள லக்கேஜ் கவுண்டரில் புகார் பதிவு செய்யுங்கள். பிஐஆர் என்பார்கள், ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட ஒரு குறி தருவார்கள். அந்தத் தாள் இல்லாமல் பிறகு காப்பீடும் இழப்பீடும் வாங்குவது கஷ்டம். முகவரி கேட்கும்போது வீட்டு முகவரி மட்டும் சொல்லாதீர்கள். கப்பலின் பெயர், அறை எண், எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற பட்டியல், எல்லாவற்றையும் ஒரே தாளில் முன்கூட்டியே அச்சடித்து இரண்டு பிரதி வைத்திருங்கள். ஒன்றைக் கவுண்டரில் கொடுங்கள். இன்னொன்றை, பிஐஆர் குறியையும் எழுதி, கப்பலில் ஏறியவுடன் வரவேற்புக் கவுண்டரில் கொடுங்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலுக்கு ஒரு முகவர் இருப்பார், விமான நிறுவனம் பெட்டியை அவரிடம்தான் சேர்க்க வேண்டும். அவருடைய விவரம் கப்பலில் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது துறைமுகத்தில் பெட்டி ஏறும். "நாளைக்கே அனுப்புங்கள்" என்பதைவிட "இந்தத் தேதியில் இந்தத் துறைமுகத்தில் தாருங்கள்" என்று கேட்பது நல்லது. நாளைக்குக் கப்பல் நடுக்கடலில் இருக்கலாம்.

வாங்க வேண்டிய அத்தியாவசியங்களை வாங்கி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். பெட்டிகளுக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அது வரம்பு மட்டுமே, அவ்வளவும் தானாகக் கையில் வராது. உண்மையில் எவ்வளவு இழந்தீர்களோ அதற்கு ரசீது காட்ட வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கருதலாம். நகை, பணம், விலையுயர்ந்த கேமரா எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பலைத் தவறவிட்டால் ஈடு உண்டா, பெட்டி எத்தனை மணி நேரம் தாமதமானால் பணம் தருவார்கள் என்ற இரண்டையும் படித்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக, பாதுகாப்பு. விசிறி வைத்திருப்பதால் பழைய காலத்து விமானம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் எஞ்சின்தான், அது விசிறியைச் சுற்றுகிறது. குறைந்த தூரத்துக்கு எரிபொருள் மிச்சம், குட்டை ஓடுபாதையிலும் இறங்கும், அதனால்தான் இதை வைத்திருக்கிறார்கள். இரண்டு விமானிகள் இருப்பார்கள். ஏறும் நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றில் மேலேறிப் பறக்க முடியும் என்று நிரூபித்த பிறகுதான் அனுமதியே கிடைக்கும்.

அம்மா பயப்படக்கூடிய சில காட்சிகளை முன்பே சொல்லி வையுங்கள். ஏடிஆரில் ஆட்கள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. முன்னால் இருப்பது சரக்குக் கதவு. எல்லோரும் பின்னால் கூடும்போது வால் பக்கம் பாரமாகித் தரையில் சாய்ந்துவிடக் கூடாது என்று வாலுக்குக் கீழே ஒரு கம்பியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். பார்த்தால் உடைந்ததைத் தாங்கி நிற்பது போல இருக்கும். அது தினமும் வைப்பது, கிளம்பும் முன் எடுத்துவிடுவார்கள். நிற்கும்போது வலது பக்க எஞ்சின் உறுமும், ஆனால் விசிறி அசையாமல் நிற்கும். மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு விசிறிக்கு பிரேக் போட்டிருக்கிறார்கள், பழுது இல்லை. இருக்கை பாதி காலியாக இருக்கும் நாளில் சிலரை இடம் மாறி உட்காரச் சொல்வார்கள். எடையைச் சமன் செய்வதற்குத்தான்.

இந்த விமானங்கள் ஜெட் அளவுக்கு உயரம் போவதில்லை. ஏடிஆருக்கு உச்சமே 25,000 அடி. மேகத்துக்கு மேலே தப்பிப் போக முடியாததால் ஆட்டம் கொஞ்சம் இருக்கும், அதற்கு மேல் ஆபத்தில்லை. விசிறிக்கு நேரே உள்ள வரிசைகளில் சத்தமும் அதிர்வும் அதிகம். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் வாங்குங்கள். கதவு பின்னால் இருப்பதால் சீக்கிரம் இறங்கவும் செய்யலாம். காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ கொடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இப்போதே சொல்லுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால். குட்டி விமானத்துக்கு நேராக நடந்து ஏறும் பாலம் பெரும்பாலும் இருக்காது, தரையில் நடந்து போய்ப் படி ஏற வேண்டும். சக்கர நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொன்னால் படி ஏறுவார் என்று எடுத்துக்கொள்வார்கள். "படி ஏற முடியாது" என்ற வார்த்தையைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கு டபிள்யூசிஹெச்எஸ் என்று தனிக் குறி இருக்கிறது. தூக்கி ஏற்றும் வண்டியோ சாய்தளமோ அதைப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்வார்கள்.

அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கொடுங்கள். இந்த விமானங்களில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. அவ்வளவு உயரமும் இல்லை. இறங்கும் நேரத்தில் கரையும் அலையும் படகுகளும் தெளிவாகத் தெரியும்.